முறுக்கும் குண்டும்: கருமருந்துக் காலத்து ரைஃபிள்கள்

துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது மஸ்கட். உட்சுவரில் சுழன்று ஓடும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைஃபிள். இந்தப் பள்ளங்களைப் புரி எனலாம். புரி ஒரு முழுச் சுற்றை முடிக்கக் குழலுக்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அதுவே அந்தத் துப்பாக்கியின் முறுக்களவு. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றியில் 22 அங்குலத்துக்கே ஒரு சுற்று. எண் குறையக் குறைய முறுக்கு கூடும், குண்டும் வேகமாகச் சுழலும். இருபது ஆண்டுக்குள் முறுக்கு மூன்று மடங்குக்கு மேல் கூடியதற்குக் காரணம் குண்டின் வடிவம் மாறியதுதான். அந்த மாற்றத்தின் தொடக்கத்தில் தென்னிந்திய ஊதுகுழல் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே 1857-ஆம் ஆண்டு இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய் சுமந்தது 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற மஸ்கட். கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த 39 அங்குலக் குழல் கொண்ட மாதிரியை 1797-இல் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், அதற்குள் போட்ட உருண்டை ஈயக்குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. சுட்டதும் குண்டு சுவரில் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப ஏதோ ஒரு திசையில் உருளும், காற்று அதை அந்தப் பக்கம் இழுத்துப் போகும். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதனைக் குறிவைத்து வீழ்த்துவது அதிர்ஷ்டம்தான். பாளையக்காரர் போர்களில் இரு தரப்பும் பெரும்பாலும் இத்தகைய வழவழப்பான குழல்களால்தான் சுட்டுக்கொண்டன.

குழலுக்குப் பொருந்தும் அளவில் குண்டை வார்க்காமல் விட்டதற்குக் காரணம் மருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்ற கணக்கில் கலந்தது கருமருந்து. தஞ்சை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டு போட்டதும் வெள்ளைப் புகையும் கந்தக நெடியும் கிளம்புமே, அது இந்தக் கருமருந்தின் புகைதான். எரியும் மருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. நாலைந்து முறை சுட்டால் குழலின் உட்சுவரில் கறுப்புப் பிசுக்கு படியும், காய்ந்தால் இறுகும். குழலின் வாய் வழியாகக் குண்டை இறக்க வேண்டிய சிப்பாய்க்கு, பொருத்தமான குண்டு ஆறாவது தடவை உள்ளே போகாது. எனவே இடைவெளி விட்டே வார்த்தார்கள்.

ரைஃபிளுக்கு இதற்கு நேர்மாறான தேவை. குண்டு புரியைக் கவ்விப் பிடித்தால்தான் சுழலும். சுழன்றால்தான் அதன் மேடுபள்ளங்களின் விளைவு எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டு நேராகப் போகும். சுடும்போது இறுக்கமாகவும் நிரப்பும்போது தளர்வாகவும் இருக்கும் குண்டு ஒன்று வேண்டும். கருமருந்து ரைஃபிள்களின் வரலாறு முழுக்க இந்த ஒரு முரண்பாட்டோடு நடந்த போராட்டம்தான்.

முதல் தீர்வு துணி அல்லது தோல். எண்ணெய் தடவிய வட்டத் தோலில் உருண்டைக் குண்டைப் பொதிந்து கிட்டித்தார்கள். தோல் புரியைப் பிடித்துக்கொள்ளும், குண்டு தோலோடு சேர்ந்து சுழலும். 1800-இல் பிரிட்டிஷ் படைக்கு எசெக்கியல் பேக்கர் செய்துகொடுத்த ரைஃபிள் இப்படிப்பட்டது. 30 அங்குலக் குழலில் ஏழு பள்ளங்கள். அவை குழல் முழுவதும் ஓடியும் கால் சுற்றுதான் சுற்றின, அதாவது 120 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இவ்வளவு மந்தமான முறுக்கே உருண்டைக் குண்டுக்குப் போதும். உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்பதில்லை. காற்றில் குப்புறக் கவிழ்ந்தாலும் அது அதே உருண்டைதான்.

உருண்டைக் குண்டுக்கு முறுக்கைக் கூட்டினால் கெடுதலே அதிகம் என்பதை இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஒருவர் விரிவாக எழுதி வைத்தார். மத்திய மாகாணத்தில் பணியாற்றிய கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சைத், 1863-இல் வேட்டை ரைஃபிள்களையும் அவற்றின் குண்டுகளையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். புலி எவ்வளவு தூரத்தில் பாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, தூரத்தை அளந்து குறிமுள்ளைத் திருப்ப நேரமும் இருக்காது. அதற்குக் குண்டு வளைந்து விழாமல் தட்டையாகப் பறக்க வேண்டும், அதற்கு மருந்து நிறைய வேண்டும். ஆனால் மருந்தைக் கூட்டியதும், வேகமான முறுக்குள்ள குழலில் குண்டு புரியைப் பின்பற்றாமல் அதைத் தாண்டிக் குதித்து நேரே வெளியேறிவிடும், பொதிந்த துணியும் கிழியும். ஃபோர்சைத் சொன்ன பரிகாரம் 8 அடி 8 அங்குலத்துக்கு, அதாவது 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முறுக்கு மந்தமானதால் எவ்வளவு மருந்து போட்டாலும் குண்டு பிடி தவறவில்லை. கருமருந்துக் காலத்தில் முறுக்கையும் மருந்தளவையும் குண்டின் வடிவத்தையும் ஒரே கணக்காகப் பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

மாற்றுவழியைத் தேடியவர்களும் இருந்தார்கள். 1830-களின் இறுதியில் வந்த பிரன்ஸ்விக் ரைஃபிளில் இரண்டே பள்ளங்கள், 30 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு வரம்பு வார்த்து, அது அந்த இரு பள்ளங்களிலும் உட்காருமாறு செய்திருந்தார்கள். குண்டு பிடி தவறாது, உண்மைதான். ஆனால் பிசுக்கு படிந்த பிறகு வரம்பைப் பள்ளத்தில் பொருத்திக் கிட்டிப்பது பெரும்பாடு. இலங்கைக் காடுகளில் 1840-களில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்ததும் வரம்புக் குண்டு ரைஃபிள்தான். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. ஒரு வேட்டுக்கு 16 டிராம் மருந்து, இன்றைய கணக்கில் 28 கிராம். படைவீரன் ஒருவன் தூக்கி நடக்கும் துப்பாக்கி அல்ல அது.

முரண்பாட்டை உண்மையில் அவிழ்த்த யோசனை தென்னிந்தியாவில் பிறந்தது என்று துப்பாக்கி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிரிட்டிஷ் படையின் 34-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன், இங்குள்ளவர்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் சோறு செருகப்பட்டிருந்தது. ஊதும்போது அது விரிந்து குழலின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டது, காற்று துளியும் பக்கவாட்டில் கசியவில்லை. கும்பகோணம், பாபநாசம் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டிமாலையை விரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இத்தகைய தண்டின் குணம் விளங்கும்: பஞ்சைப் போன்ற லேசு, அழுத்தினால் அமுங்கும், இடத்தை நிறைக்கும். தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரியையும் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு அந்தக் கருவிகள் இங்கே வேரூன்றியிருந்தன. நார்ட்டன் 1823-இல் முனை கூர்மையாகவும் அடி குழிந்தும் இருக்கும் நீள்குண்டு ஒன்றை வடிவமைத்தார். மருந்து வெடிக்கும்போது வாயு குழிக்குள் புகுந்து மென்மையான ஈய ஓரத்தை வெளியே தள்ளும், அது புரிக்குள் அழுந்தும். நிரப்பும்போது தளர்வு, சுடும்போது இறுக்கம். பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1830-களில் வில்லியம் கிரீனர் கொண்டுவந்த விரியும் குண்டையும் தள்ளினார்கள். பிரெஞ்சு அதிகாரி கிளாட் மினியே 1840-களின் இறுதியில் அதே கொள்கையில் குண்டு செய்த பிறகு, 1851-இல் லண்டன் அதை வாங்கிக்கொண்டது. இந்த வரலாற்றில் மினியேவின் பெயர் நிலைத்தது. அந்த அம்பைச் சீவிய கைகளின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

நீள்குண்டுக்கு உருண்டைக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அதற்கு முனையும் அடியும் இருக்கின்றன. காற்றின் அழுத்தம் முனையைப் பிடித்து மேலே தூக்கும், சுழற்சி போதாவிட்டால் குண்டு கரணமடித்து இலக்கில் பக்கவாட்டாகப் போய் விழும். எனவே நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும். மினியே வகைக் குண்டின் அடி குழிந்திருப்பதால் அதன் எடை முன்பக்கம் சேர்ந்திருக்கிறது. அதனால் மிதமான முறுக்கே அதற்குப் போதுமாக இருந்தது. என்ஃபீல்டின் 78 அங்குலக் கணக்கு இங்கிருந்து வந்தது. அதன் 39 அங்குலக் குழலில் மூன்று பள்ளங்கள் சரியாக அரைச் சுற்று சுற்றின. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568. எடை 34 கிராம், மருந்து நாலரை கிராம். குறிமுள் 900 கெஜம் வரை பிரிக்கப்பட்டிருந்தது. பிரவுன் பெஸ் சுமந்தவனுக்கு அது நம்ப முடியாத தூரம்.

இந்தத் துப்பாக்கியின் தோட்டாவை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் பின்னர் நடந்தவற்றின் காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. தோட்டா ஒரு காகிதக் குழாய். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. குண்டின் கூர்முனை மருந்தைப் பார்த்தபடி தலைகீழாக இருக்கும். மருந்துப் பக்கத்தின் முறுக்கிய காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பிறகு தோட்டாவைத் திருப்பிக் குண்டுப் பக்கத்தைக் குழல் வாயில் செருகி, மிச்சக் காகிதத்தைக் கிழித்தெறிந்து, குண்டை அதன் காகித உறையோடு சேர்த்துக் கிட்டிக்க வேண்டும். அந்த உறையின் வெளிப்புறம் கொழுப்பில் தோய்க்கப்பட்டிருக்கும். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளியைக் காகிதமும் கொழுப்பும் நிரப்பும், கொழுப்பு பழைய பிசுக்கை இளக்கும். கொழுப்பு இல்லாமல் என்ஃபீல்டைச் சில வேட்டுகளுக்கு மேல் நிரப்பவே முடியாது. ஏதாவது ஒரு மசகு தொழில்நுட்பத் தேவை என்பதில் ஐயமில்லை. எந்த மசகு என்பது தேர்வு.

அந்தத் தேர்வை அலட்சியமாகச் செய்தார்கள். சிப்பாய்களின் சாதி, மத உணர்வுக்கு ஒவ்வாத கொழுப்பாக இருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது என்று கர்னல் டக்கர் 1853-லேயே எச்சரித்திருந்தார். எச்சரிக்கை கோப்பில் கிடந்தது. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் புதிய ரைஃபிளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1857 ஜனவரியில் டம்டமில் தொடங்கிய பேச்சு, தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று படைமுகாம்களெங்கும் பரவியது. சிப்பாய்களே தங்களுக்கு உகந்த மசகைத் தடவிக்கொள்ளலாம் என்று அம்மாத இறுதியில் உத்தரவு வந்தது, கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையும் மாற்றப்பட்டது. நம்பிக்கை அதற்குள் போய்விட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார், மே 10 அன்று மீரட் வெடித்தது. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் முதலிலேயே கலந்திருந்தால் கிளர்ச்சியே நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது, அதற்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் சிப்பாயின் ஐயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவைத்த பழைய பாடநூல்கள் அநீதி செய்தன. அந்தக் காகிதத்தில் என்ன தடவியிருக்கிறது என்பதற்கு அவனிடம் யாரும் உண்மையான பதில் சொல்லவில்லை.

கிளர்ச்சியை அடக்கியதிலும் அதே ரைஃபிள் பங்கேற்றது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிய மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவின் கையில் என்ஃபீல்டு இருந்தது. ஜூலை 12 அன்று ஃபதேபூரில் மஸ்கட் ஏந்தியவர்களை எட்டாத தூரத்திலிருந்தே அவர்கள் சுட்டார்கள். வெற்றிக்கான காரணங்களில் அந்த ரைஃபிளையும் படையை நடத்திய ஜெனரல் ஹேவ்லாக் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்தப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் நீல் அலகாபாத்திலும் கான்பூரிலும் நடத்திய கொடுமைகள் பிரசித்தம். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை அகற்றக் கோரி 1927-இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். ராஜாஜி தலைமையிலான அரசு 1937-இல் அதை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் பலவும் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

கிளர்ச்சிக்குப் பின் கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசு செய்த காரியம் முறுக்களவின் முக்கியத்துவத்தை எந்தச் சூத்திரத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டு குழல்களின் புரியை முற்றிலும் கடைந்தெடுத்து, உள்விட்டத்தை 0.656 அங்குலமாக்கி, வழவழப்பான துப்பாக்கிகளாகக் கொடுத்தார்கள். 1858, 1859 மாதிரிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். தூரத்துக்கேற்ப உயர்த்தும் குறிமுள்ளையும் எடுத்துவிட்டு ஒரே நிலையான முள்ளை வைத்தார்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு. சுட்டால் பிரவுன் பெஸ். பிரிட்டிஷ் சிப்பாய் எட்டும் தூரத்தை இந்தியச் சிப்பாய் எட்டக் கூடாது என்ற கொள்கை குழலுக்குள்ளேயே கடையப்பட்டது.

இந்தக் காலத்திலேயே ஐரோப்பாவில் முறுக்கைக் கூட்டும் சோதனைகள் நடந்தன. மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த் 0.451 அங்குலத்தில் அறுகோணக் குழல் செய்து 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். குண்டின் எடை என்ஃபீல்டுக்குச் சமம், ஆனால் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தது. 1857-இல் நடந்த சோதனையில் 500 கெஜத்தில் விட்வொர்த் குண்டுகளின் சராசரி விலகல் நாலரை அங்குலம்; என்ஃபீல்டுடையது 27 அங்குலம். இருந்தும் படைக்கு அதை எடுக்கவில்லை. விலை அதிகம், ஒல்லியான குழல் சீக்கிரம் பிசுக்கேறியது. சிந்து மாகாணத்தில் ஜெனரல் ஜான் ஜேக்கப் தன் சொந்தச் செலவில் நான்கு பள்ளங்களும் 30 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் கொண்ட இரட்டைக்குழல் ரைஃபிளை உருவாக்கினார். அதன் குண்டில் நான்கு சிறகுகள், முனையில் வெடிக்கும் மருந்து. 1858-இல் அவர் இறந்ததும் அந்த முயற்சி அடங்கியது.

குழல் வாய்க்குப் பதிலாகப் பின்பக்கத்தில் தோட்டாவைச் செருகும் முறை வந்ததும் பழைய முரண்பாடு தானாக மறைந்தது. குண்டைப் புரி வழியே கிட்டித்து இறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. 1866-இன் ஸ்நைடர் என்பது என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி மூடி பொருத்தியது. 78 அங்குல முறுக்கு அப்படியே இருந்தது. மார்ட்டினி-ஹென்றி புதிதாகவே பிறந்தது. 0.45 அங்குலக் குழல், ஏழு பக்கப் புரி, 31 கிராம் குண்டு, ஐந்தரை கிராம் மருந்து. சுத்த ஈயம் இந்த முறுக்கைத் தாங்காது என்பதால் பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். குண்டைச் சுற்றிக் காகிதம், குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே தேன்மெழுகு வில்லை. பிசுக்கை இளக்கும் பழைய வேலையை இப்போது அந்த மெழுகு செய்தது. நொடிக்கு 1,300 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், நொடிக்கு ஏறத்தாழ 700 சுற்று. இந்தியப் படைகளுக்கு ஸ்நைடரும் மார்ட்டினியும் பிரிட்டிஷ் படை அடுத்த துப்பாக்கிக்கு மாறிய பிறகே வந்தன.

கைப்பழக்கத்தாலும் தவறித் திருத்தியும் கண்டுபிடித்த இந்த அளவுகளுக்கு ஒரு கணக்கு 1879-இல் கிடைத்தது. உல்விச் பீரங்கிப் பயிற்சிக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த விதி எளிமையானது: குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்களவு அங்குலத்தில் வரும். என்ஃபீல்டு குண்டு 0.568 அங்குல விட்டம், ஏறத்தாழ ஓர் அங்குல நீளம் என்றால் விடை 48. என்ஃபீல்டின் 78 மந்தமானது, குழிந்த அடி கைகொடுத்ததால் சமாளித்தது என்பது இதில் தெரிகிறது. அதே 0.577 அங்குலத்தில் கடற்படைக்குச் செய்த ஐந்து பள்ளக் குட்டை ரைஃபிளுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்திருந்தார்கள், தொலைவில் அது நெட்டை ரைஃபிளைவிடச் சிறப்பாகச் சுட்டது. மார்ட்டினிக்கு 0.45 அங்குல விட்டம், ஒன்றேகால் அங்குல நீளம், விடை 24. உண்மையில் வைத்தது 22.

1888-இல் வந்த லீ-மெட்ஃபர்டின் குண்டும் ஏறத்தாழ அதே ஒன்றேகால் அங்குல நீளம்தான், ஆனால் விட்டம் 0.303 ஆகச் சுருங்கியது. விதிப்படி 11, வைத்தது 10. அதன் முதல் தோட்டாக்களில் இருந்ததும் கருமருந்துதான், அழுத்திக் கட்டியாக்கியது. வில்லியம் மெட்ஃபர்டு வகுத்த ஏழு பள்ளங்களும் ஆழம் குறைந்து, விளிம்பு மழுங்கி, பிசுக்கு தங்க இடமில்லாமல் அமைந்திருந்தன. சில ஆண்டுகளில் புகையில்லாத கார்டைட் வந்தது. பிசுக்கு போனது, ஆனால் அதன் சூட்டில் மெட்ஃபர்டின் மென்மையான புரி தேய்ந்தழிந்தது. 1895-இல் ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்டு புரிக்கு மாறினார்கள். அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே தயாரிக்க 1904-இல் நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை தொடங்கியது.

எஞ்சியிருக்கும் பழைய ரைஃபிள்களின் முறுக்கைக் கண்டறிய அருங்காட்சியகத்தாரும் சேகரிப்பாளர்களும் கையாளும் முறை சாதாரணமானது. முதலில் குழல் காலியா என்று உறுதி செய்கிறார்கள். நூறாண்டுக்கு முன் நிரப்பிய மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே கிடக்கும் துப்பாக்கிகள் உண்டு. பிறகு இறுக்கமாகத் துணி சுற்றிய, தானாகச் சுழலக்கூடிய கம்பியைக் குழலுக்குள் தள்ளுகிறார்கள். துணி புரியைப் பிடித்துக்கொள்ள, கம்பி மெல்லத் திரும்பும். கைப்பிடியில் இட்ட குறி கால் சுற்று திரும்பியதும் கம்பி போன தூரத்தை அளந்து நான்கால் பெருக்கினால் முறுக்களவு கிடைக்கும். 39 அங்குலக் குழலில் முழுச் சுற்று முடியாது என்பதால் கால் சுற்றை அளப்பதே வழக்கம். 19 அல்லது 20 அங்குலத்தில் கால் சுற்று திரும்பினால் அது 78 அங்குல முறுக்கு. கம்பி திரும்பாமலே நேராக இறங்கி, உள்விட்டமும் 0.656 இருந்தால், 1857-க்குப் பின் இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்த கடைந்த துப்பாக்கி என்று சொல்லிவிடலாம். பழைய இரும்புக் குழல்கள் கருமருந்தின் அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டவை, நவீன மருந்தின் அழுத்தத்தில் வெடித்துப் பிளக்கும். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருள் ஆயுதங்களுக்கு இந்திய ஆயுதச் சட்டம், 1959 விலக்கு தருகிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும்.